டாக்டர் பதில்கள்: எம்.ஆர்.ஐ. நன்றாக இருந்தால் அல்சைமர் இல்லையா?

கேள்வி: 66 வயதாகும் என் அம்மா, சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ‘வயதுக்கேற்ற மூளை’ என்று அறிக்கை வந்தது. நிம்மதியாக இருக்கலாமா? உயிரணுக்களில் நேரும் மாற்றத்தைத் தொடக்கத்திலேயே காட்டும் ஸ்கேன் இருக்கிறதா?

பதில்: பாதி நிம்மதி அடையலாம். கட்டி, இரத்தக் கசிவு, பக்கவாதம் ஆகியவை காரணமல்ல என்று தெரிந்துவிட்டது. அல்சைமர் இல்லை என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. இத்தகைய படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் தொழில். ‘வயதுக்கேற்ற’ என்பது நாங்கள் எழுதும் சொற்களிலேயே கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்!

வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளிக்குள், ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர் இடத்தில், பல்லாயிரம் உயிரணுக்கள் இருக்கின்றன. சில ஆயிரம் நலிந்தாலும் படம் மாறாது. நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்கியிருப்பது எங்கள் கண்ணில் படும்போது நோய் வெகுதூரம் வந்திருக்கும். அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு புரதமோ மறதி தலைகாட்டுவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே படியத் தொடங்கிவிடுகிறது.

1906-ல் அலோய்ஸ் அல்சைமர் அந்தப் படிவுகளைக் கண்டது, இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துத்தான். உயிரோடிருப்பவரிடம் அதைப் படம்பிடிக்க 2002 ஆகிவிட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான வேதிப்பொருளை ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளிக்கு ஊசி வழியே செலுத்தி, அதன் கதிரியக்கத்தைப் படமாக்கும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அதிலிருந்த கதிரியக்கக் கார்பன்-11 இருபதே நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், பக்கத்திலேயே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் வைத்திருந்த மையங்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. பிறகு, அதைவிட மெதுவாகக் குறையும் ஃப்ளோரின்-18 வந்து, அமிலாய்டு பெட் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. அல்சைமரில் நரம்பணுக்களுக்குள் சேரும் டௌ என்ற மற்றொரு புரதத்தைக் காட்டும் மருந்துக்கு அமெரிக்கா 2020-ல் அனுமதி அளித்தது.

இவையெல்லாம் புரதக் குப்பையைத்தான் காட்டுகின்றன. நீங்கள் கேட்பது உயிரணுவைப் பற்றி. அதை நேராகப் பார்க்கும் ஸ்கேன் எதுவும் இல்லை. அதன் நடமாட்டத்தின் தடயங்களைத்தான் பிடிக்கிறோம். நரம்பணுக்கள் சோர்ந்தால் குளுக்கோஸ் உட்கொள்வது குறையும். குளுக்கோஸ் போன்ற பொருளைச் செலுத்தி எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனில் மூளையின் பக்கவாட்டு, பின்பகுதிகள் மங்கித் தெரியும். அழற்சியில் கிளர்ந்தெழும் மைக்ரோகிளியா என்ற மூளையின் காவல் உயிரணுக்களுக்கும் பெட் இருக்கிறது. ஆனால் ஒரு மரபணு வேறுபாட்டால் அதற்கான மருந்து ஒட்டும் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், தனிநபர் நோயறிதலுக்கு நான் அதை நம்ப மாட்டேன். நரம்பிணைப்புகளிலுள்ள எஸ்.வி.2.ஏ. புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பெட்மீதுதான் எனக்கு ஆசை. ஏனெனில், அமிலாய்டின் அளவைவிட இணைப்புகளின் இழப்பே மறதியோடு நெருங்கி ஒத்துப்போகிறது. அது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. திசுக்களில் நீர் எப்படி அலைகிறது என்பதை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறையும் அல்சைமரைப் பொறுத்தவரை அப்படியே.

உங்கள் அம்மாவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, முறையான நினைவாற்றல் சோதனை செய்யுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை எடுக்கிறாரா, மனச்சோர்வு உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் நீடித்தால் அமிலாய்டு பெட் எடுப்பதில் பொருள் உண்டு. எடுக்கும் முன் மருத்துவரிடம், “முடிவு எப்படி வந்தால் சிகிச்சையில் எது மாறும்?” என்று கேளுங்கள். ‘ஒன்றும் மாறாது’ என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

கேள்வி: எனக்கு வயது 50. மறதி இல்லை. முன்னெச்சரிக்கையாக அமிலாய்டு ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நினைவு தெளிவாக இருக்கும் முதியவர்கள் பலரின் மூளையிலும் அமிலாய்டு உண்டு. அவர்களில் பலர் கடைசிவரை தெளிவாகவே வாழ்ந்து முடிக்கிறார்கள். படிவு தெரிந்தால் உங்களுக்கு மிஞ்சுவது தூக்கமின்மைதான். அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் போன்ற மருந்துகளும் லேசான அறிகுறி தொடங்கியவர்களுக்கே தரப்படுகின்றன. மூளை வீக்கமோ கசிவோ உண்டாகிறதா என்று அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும் வேண்டும்.

கேள்வி: பெட் ஸ்கேனின் கதிரியக்கம் உடலில் தங்கிவிடுமா?

பதில்: தங்காது. ஃப்ளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் குறையும். மறுநாள் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. நிறையத் தண்ணீர் குடியுங்கள். அன்று மட்டும் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கியிருக்காதீர்கள்.