பூங்காவில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமா?

கேள்வி: பெரிய தாவரவியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனோம். கள்ளி, பெரணி, மூங்கில், ஆர்கிட் என்று பத்துப் பன்னிரண்டு பகுதிகள். எல்லாவற்றையும் சுற்றியும் கால்வலியைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. அடுத்த முறை எப்படிப் பார்ப்பது?

பதில்: தாவரவியல் பாடம் நடத்திப் பிழைத்த நானே முதல் தடவை அப்படித்தான் ஓடினேன். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு பகுதிதான். வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை.

கள்ளிப் பகுதியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். நாம் 'கள்ளி' என்று ஒரே பெயரில் கூப்பிடுபவை இரண்டு வெவ்வேறு குடும்பங்கள். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காக்டஸ் குடும்பம். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்குக் குடும்பம். வறட்சி இரண்டையும் ஒரே மாதிரி வளைத்துவிட்டது: இலையைச் சுருக்கி, தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்து வைக்கின்றன. பிரித்தறிய முள்ளின் அடியைப் பாருங்கள். காக்டஸில் பஞ்சு வைத்தது போன்ற சின்னப் புள்ளியிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். சதுரக்கள்ளி வகையில் அந்தப் பஞ்சுப்புள்ளி இருக்காது. முட்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக நிற்கும். சதுரக்கள்ளியைக் கிள்ளினால் பால் வரும், ஆனால் கிள்ளாதீர்கள். கள்ளிப்பால் பட்ட கையால் கண்ணைக் கசக்கிவிட்டு மூன்று நாள் கறுப்புக் கண்ணாடியோடு வகுப்பெடுத்தவன் சொல்கிறேன்.

கேள்வி: பெயர்ப்பலகையில் ஏதோ நீளமான எண் இருக்கிறதே, அது எதற்கு?

பதில்: செடியின் பதிவு எண். பல தோட்டங்களில் அதன் முதல் நான்கு இலக்கம் செடி வந்து சேர்ந்த வருடம். குழந்தைகளை அவர்கள் பிறந்த வருடத்துச் செடியைத் தேடச் சொல்லுங்கள். அப்புறம் நடக்க அடம்பிடிக்க மாட்டார்கள். லண்டன் கியூ தோட்டத்தில் 1775ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சைகட் (பார்க்கப் பனை போல இருக்கும், பூக்காத செடி வகை) ஒன்று இன்னும் தொட்டியில் வளர்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கே அது மூத்தது.

கேள்வி: பூச்சி தின்னும் செடியில் என் மகன் விரலை விட்டு விளையாடினான். தப்பா?

பதில்: தப்புதான். வீனஸ் ஃபிளைட்ராப் என்ற பூச்சி தின்னும் செடியில் இலைதான் பொறி. அதன் உள்ளே இருக்கும் ரோமத்தைச் சுமார் 20 வினாடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் பொறி மூடும். மழைத்துளிக்கு ஏமாறாமல் இருக்க அந்தக் கணக்கு. ஒரு பொறி ஆயுளில் சில தடவைதான் மூடித் திறக்கும். உங்கள் மகன் அதில் ஒன்றை வீணாக்கிவிட்டான், பாவம், அதற்கு ஈ கூடக் கிடைக்கவில்லை.