கார்பன் சக்கரம் மாற்றினால் உடம்புக்குத் தெரியுமா?

கேள்வி: சென்னையில் வசிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். என் எடை 74 கிலோ. அலுமினிய பிரேம், 25 மி.மீ. டயரில் 110 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) காற்று அடிப்பது வழக்கம். சென்ற வாரம் நண்பரின் கார்பன் சக்கரம் பூட்டிய சைக்கிளை வாங்கி ஓட்டினேன். வழுக்கிக்கொண்டு போவது போல இருந்தது. அதே சக்கரங்களை 90,000 ரூபாய் கொடுத்து வாங்கினால் என் சைக்கிளிலும் அந்த வித்தியாசம் தெரியுமா? அல்லது அது என் மனப்பிரமையா?

பதில்: நீங்கள் உணர்ந்தது பிரமை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதைச் சக்கரத்தின் கணக்கில் எழுதியதில்தான் எனக்கு ஐயம். நண்பரிடம் விலையைக் கேட்கும் முன், அவருடைய டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அகலத்தையும், அன்று எவ்வளவு காற்று அடித்திருந்தார் என்பதையும் கேளுங்கள். 30 மி.மீ. டயர், 65 பி.எஸ்.ஐ. என்று விடை வந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

சாலையின் அதிர்வு உங்கள் உடம்பை அடைவதற்குள் டயர், சக்கரம், பிரேம், சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்), சீட் என வரிசையாக, ஸ்பிரிங் போல அமுங்கும் பல பாகங்களைக் கடந்து வருகிறது. இவற்றில் எது அதிகமாக அமுங்குகிறதோ அதுவே ஓட்டத்தின் மென்மையைத் தீர்மானிக்கிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்தால் டயர் சில மில்லிமீட்டர் அமுங்கும். இறுக்கமாகக் கட்டிய கம்பிச் சக்கரமோ செங்குத்தாக ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் அமுங்கும். அலுமினிய ரிம்முக்கும் கார்பன் ரிம்முக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்தச் சிறு பங்கிலும் ஒரு பங்கு. டயரில் பத்து பி.எஸ்.ஐ. கூட்டியோ குறைத்தோ விட்டால் அந்த வித்தியாசம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வீட்டில் வைத்திருக்கும் பம்பின் அளவுமானி ஐந்து பி.எஸ்.ஐ. தவறாகக் காட்டுவதோ சர்வ சாதாரணம்.

உடம்பு நுட்பமானதுதான், காரணத்தைச் சொல்வதில்தான் அது அடிக்கடி தவறுகிறது. என்னிடம் வருபவர் ஒருவர் புதுச் சக்கரம் பூட்டிக்கொண்டு போய், இரண்டு நாளில் திரும்பி வந்து, சக்கரம் மந்தமாக இருப்பதாகவும் தொடை கடுப்பதாகவும் குறைபட்டுக்கொண்டார். சீட்டின் உயரத்தைக் குறிக்க சீட் போஸ்டில் நான் முன்பு ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தேன். கிளாம்ப் சரியாக முறுக்கப்படாததால் சீட் ஆறு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அதை ஏற்றி முறுக்கிக் கொடுத்த பிறகு அந்தச் சக்கரத்தைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. சீட்டின் உயரம், ஹேண்டில்பார் எட்டும் தூரம், முன் போர்க்கின் சாய்வு ஆகியவற்றில் நேரும் சிறு மாற்றங்களைப் பழகிய ஓட்டுநர் உடனே உணர்வார். ஒரு புதுச் சைக்கிளில் ஏறிய முதல் நிமிடத்தில் கிடைக்கும் 'உணர்வு' பெரும்பாலும் இவற்றிலிருந்து வருவதே.

இனி எடைக்கு வருவோம். கடையில் கையால் தூக்கிப் பார்க்கும்போது 400 கிராம் குறைவு நன்றாகவே தெரியும். ஆனால் சாலையில் நகர்வது நீங்கள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்த ஏறத்தாழ 85 கிலோ. அதில் 400 கிராம் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஏற்காடு போன்ற மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் மிச்சமாவது சுமார் 15 வினாடி. ரிம்மின் எடை வேகம் எடுக்கும்போது இரட்டிப்பாகக் கணக்கில் வரும் என்பார்கள். அது உண்மையே, ஆனால் இரட்டித்தாலும் ஒரு சதவீதத்தைத் தொடாது. இங்கிலாந்தில் ஜெரமி குரோவ்ஸ் என்ற மருத்துவர் 2010-இல் தினமும் நாணயம் சுண்டி, 13.5 கிலோ எஃகு சைக்கிளிலோ 9.5 கிலோ கார்பன் சைக்கிளிலோ, போக வர 43 கிலோமீட்டர் தூரமுள்ள பணியிடத்துக்குச் சென்று வந்தார். 56 நாள் கணக்கை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டபோது, இரண்டின் சராசரி நேரத்துக்கும் இடையே அரை நிமிடம்தான் வித்தியாசம் இருந்தது. அதுவும் எஃகுக்குச் சாதகமாக, தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவில்.

கார்பன் சக்கரத்தால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். உயரமான ரிம் காற்றின் எதிர்ப்பைக் குறைப்பது உண்மை. கடிகாரமும் பவர் மீட்டரும் (மிதிக்கும் ஆற்றலை அளக்கும் கருவி) அதைக் காட்டும், கால் காட்டாது. உடம்புக்குத் தெரிவது அதன் மறுபக்கம்தான்: கடலிலிருந்து பக்கவாட்டில் காற்று அடிக்கையில் முன்சக்கரம் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பதை மாமல்லபுரம் போய்ச் சேருவதற்குள் பலமுறை உணர்வீர்கள். போதாக்குறைக்கு அந்த ரிம் எழுப்பும் 'ஊம்' என்ற ஒலியே வேகமாகப் போகிறோம் என்ற நினைப்பை ஊட்டும். உங்கள் 110 பி.எஸ்.ஐ. டயரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதிலிருந்து கைக்கு வரும் அதிர்வை வேகம் என்று எடுத்துக்கொள்கிறோம். நம் சாலைகளின் சொரசொரப்பில் அது பெரும்பாலும் வீணாகும் ஆற்றல்.

எனவே முதலில் செய்ய வேண்டியது, உங்கள் பிரேமும் பிரேக்கும் இடம் கொடுக்குமானால் 28 மி.மீ. நல்ல டயர் ஒரு ஜோடி வாங்கி, பின்னால் 75, முன்னால் 68 பி.எஸ்.ஐ. வைத்து ஒரு மாதம் ஓட்டுவது. சக்கரத்தின் விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில் இது முடிந்துவிடும். அதன் பிறகும் கார்பன் சக்கரம் வேண்டும் என்று தோன்றினால், ரிம்மின் விளிம்பில் டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி போன்ற மடிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொக்கியில்லாத ரிம்களுக்குப் பொதுவான உச்சவரம்பு 72.5 பி.எஸ்.ஐ. நீங்கள் இப்போது அடிக்கும் காற்றை அதில் அடித்தால் டயர் கழன்று வெளியேறும் ஆபத்து உண்டு.

உங்கள் உணர்வு எவ்வளவு நுட்பமானது என்று அறிய ஆசையிருந்தால் ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டு டயரிலும் 70 அல்லது 80 பி.எஸ்.ஐ., எது என்று உங்களுக்குத் தெரியாமல், நண்பர் நாணயம் சுண்டி நிரப்பட்டும். நீங்கள் டயரைக் கிள்ளிப் பார்க்காமல் ஒரே சாலையில் அரை கிலோமீட்டர் ஓட்டிவிட்டு விடையை எழுதுங்கள். எழுதும்போது நண்பர் அருகில் இருக்கக் கூடாது; அவர் முகமே காட்டிக் கொடுத்துவிடும். இப்படிப் பத்து முறை. எட்டோ அதற்கு மேலோ சரியாகச் சொல்வது, ஒன்றுமே உணராமல் ஊகிக்கும் 18 பேரில் ஒருவருக்கு வாய்த்துவிடும். ஒன்பதோ அதற்கு மேலோ வருவது 93 பேரில் ஒருவருக்கே. உங்களுக்கு ஒன்பது வந்தால் அடுத்து 70-க்கும் 75-க்கும் இடையே முயன்று பார்த்து எழுதுங்கள்; அங்கே எத்தனை வருகிறது என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.