கருப்பு நாய்க்கு வெள்ளைச் சுவர் ஆகாது

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகிலுள்ள விலங்குகள் காப்பகத்தில் ஞாயிறுதோறும் தன்னார்வலராகப் பணியாற்றுகிறேன். தத்துக் கொடுப்பதற்காக நாய்களைக் கைப்பேசியில் படம் எடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். செவலைக் குட்டிகளைப் படம் பார்த்த உடனே கேட்கிறார்கள். கருப்பு நாய்கள் கரிக்கட்டைபோலத் தெரிவதால் அவற்றை எவரும் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பல்லடம்

பதில்: நாயை நிறுத்தும் இடத்தை முதலில் மாற்றுங்கள், அம்மணி. சுண்ணாம்படித்த சுவருக்கு முன்னால் நிறுத்தினால், கைப்பேசி அந்த வெளுப்பை அளவாக எடுத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. கருப்பு நாயின் கண் அதில்தான் தொலைந்துபோகிறது. காலை எட்டு மணிக்குள், தகரக் கொட்டகையின் நிழல் முடியும் விளிம்பில், வெளிப்பக்கம் பார்த்தவாறு அதை உட்கார வையுங்கள். பின்னால் மண்சுவரோ வேலியோ இருந்தால் போதும். எதிரிலுள்ள வானம் கண்மணியில் வெள்ளைப் புள்ளியாக விழும். திரையில் நாயின் முகத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றே மேலே தள்ளிவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கண்கள் பச்சையாக எரியும்.

நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் குறுகிவிடும். நாய்களின் படுக்கைக்கு வாங்கிப் போட்டிருக்கும் பனியன் வேஸ்ட்டில் (பனியன் துணிக் கழிவில்) ஒரு மூட்டையைத் தரையில் போட்டு அதன்மேல் அமர்ந்துகொள்ளுங்கள். நான் நெத்திலிக் கருவாட்டைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். காகிதம் நொறுங்கும் சத்தத்திற்கு இரண்டு காதுகளும் ஒருசேர எழுந்து நிற்கும் அந்த ஒரு நொடிதான் நமக்கு வேண்டிய படம். (சட்டையைத் துவைப்பவரிடம் நான் வாங்கிய பேச்சு தனிக்கதை.) கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் அது முகர்வதற்கு மட்டும்; தின்பதற்கு உப்பில்லாமல் அவித்த கோழித்துண்டு. தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவதும், உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புவதும் அச்சத்தின் அடையாளங்கள். அப்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அழகாக எடுக்க வேண்டும் என்ற ஆசையில் நான் ஒருமுறை தவறிழைத்தேன். முன்னங்கால் ஒன்றை இழந்த நாயை, அது தெரியாதவாறு உட்கார வைத்து எடுத்தேன். படத்தை நம்பி வந்த குடும்பம் காப்பக வாசலிலேயே திரும்பிப் போனது. வண்டி ஏறும்வரை அந்த நாய் வாலாட்டிக்கொண்டிருந்தது. அன்றுமுதல் குறை இருந்தால் இரண்டாவது படத்தில் அதை வெளிப்படையாகக் காட்டிவிடுகிறேன்; உயரம் புரிவதற்காக ஓர் ஆள் அருகில் நிற்கும் முழு உருவப் படத்தையும் சேர்க்கிறேன்.

படத்தின் கீழே வயது, கருத்தடை, தடுப்பூசி விவரங்களை எழுதுவீர்கள். அவற்றோடு, கோழியைத் துரத்துமா என்பதையும் எழுதுங்கள். நம் பக்கத்தில் நாய் கேட்பவர்களில் பலர் தோட்டத்துச் சாளைக்காக, அதாவது தோட்டத்து வீட்டுக்காகக் கேட்பவர்கள். அவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போடுவீர்களா என்று நாமும் அவர்களிடம் கேட்க வேண்டும்.

கேள்வி: காப்பகப் பணியில் சேர விரும்புகிறேன். முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா? வீட்டில் 2 மாத நாய்க்குட்டி இருக்கிறது.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: போட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசியை முதல் நாளிலும், அதிலிருந்து 7ஆம் நாளிலும், 21 அல்லது 28ஆம் நாளிலும் போடுவது வழக்கம். அதன்பிறகும் கடிபட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். முன்பே போட்டிருக்கிறோம் என்று இருந்துவிடக் கூடாது. குட்டிக்குத் தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டு முடியும்வரை, காப்பகத்திற்கென்று தனியாக ஒரு ரப்பர் செருப்பை வைத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நாய்க்குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடந்து, செருப்படியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும்.