"சேர் வாறார், எழும்புங்கோ!"

கேள்வி: பம்பலப்பிட்டியில் உறவினர் வீட்டுக் கலியாணம். 2022இல் ஊரே வாய் நிறையத் திட்டிய ஒரு முன்னாள் அமைச்சர் வந்தார். கேஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசையில் நின்ற என் பெரியப்பாவே ஓடிப்போய்க் கதிரை இழுத்துப் போட்டார். இளசுகள் செல்பிக்கு முண்டியடித்தார்கள். வெளிநாடு என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பார்கள். எங்கள் சனத்துக்கு மட்டும் ஏன் இந்த மறதி?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பெரியப்பாவுக்கு ஒன்றும் மறந்திருக்காது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனதை இன்று கேட்டாலும் சொல்லுவார், அதை உருட்டிக்கொண்டு போன ஒழுங்கையின் பெயரோடு. அவரைக் கதிரை இழுக்க வைத்தது அதைவிடப் பழைய ஞாபகம்.

போர்க்காலக் கொழும்பில் தமிழ்க் குடும்பங்களுக்கு அரசியல்வாதி என்றால் டயறியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்த ஒரு தொலைபேசி இலக்கம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் பதிவுப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரவில் கேற் தட்டும் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தவர்கள் அவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்களே, மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகுதானே நின்றது? அப்படியான நாட்களில் ஓர் அமைச்சரின் ஆணையிலிருந்து தப்ப இன்னோர் அமைச்சரின் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது. பிறகு போர் முடிந்தது. தரம் 1 அனுமதிக்கும் இடமாற்றத்துக்கும் சிபாரிசுக் கடிதம் தேடும் பழக்கம் முடியவில்லை. "முன்னாள்" என்ற சொல்லையும் நம்ப முடியாது. இந்த நாட்டில் முன்னாள்கள் திரும்பி வந்த கதை பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். கதிரை ஒரு காப்புறுதித் தவணை, அவ்வளவுதான். செல்பி எடுத்த பிள்ளைகளுக்கு அவர் டிவியில் வந்த முகம். கிரிக்கெட் வீரர் வந்திருந்தாலும் முண்டியடித்திருப்பார்கள்.

வந்தவர் என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இது பழகிய வித்தை. தாலி கட்டி முடிந்து, பந்தி தொடங்குவதற்கு முன் வருவார். அப்போதுதான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், எழும்புவதற்கு. கூடவே இரண்டு பேர். ஒருவர் அரை அடி பின்னால் நின்று காதுக்குள் பெயர் சொல்லுவார். மற்றவரின் கையில் போன். அறுகரிசி போட நிற்கும் வரிசையில் யாராவது அவரை முன்னுக்கு இழுத்து விடுவார்கள். அவர் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றபடியே முன்னுக்குப் போவார். வலது கையால் உங்கள் கையைப் பிடித்து, இடது கையால் முழங்கையைத் தாங்குவார். அன்பாகத்தான் தோன்றும். ஆனால் அந்த இடது கைதான் உங்களை மெல்ல நகர்த்திவிட்டு அடுத்தவருக்கு இடம் எடுக்கிறது. "எப்படி, சுகமா? இப்ப எங்க?" என்ற இரண்டு கேள்விக்கும் உங்கள் பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. கிழவிகளிடம் குனிவார், ஒரு குழந்தையைத் தூக்குவார், நெக்டோவை ஒரு வாய் குடித்துவிட்டு வைப்பார். பதினைந்து நிமிடம். இரவு பத்து மணிக்குள் மணமக்களுக்கு நடுவே அவர் நிற்கும் படம் பேஸ்புக்கில் ஏறிவிடும். யார் யாரைக் கௌரவித்தார்கள் என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.

இதே சனந்தான் 2022 ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் போனது. நீச்சல் தடாகத்தில் குதித்தார்கள், கட்டிலில் புரண்டார்கள். உள்ளே கிடைத்த 1 கோடியே 78 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயை எண்ணிப் பொலிஸாரிடம் ஒப்படைத்தார்கள். அன்று பக்கத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். கலியாண மண்டபத்தில் பெரியப்பா தனி ஆள்; அதோடு வந்தவர் சம்பந்தி வீட்டாரின் விருந்தாளி. 2007 டிசெம்பர் 27 அன்று, அதிகாரத்தில் இருந்த பிரதி அமைச்சர் மேர்வின் சில்வா அரச தொலைக்காட்சியான ரூபவாஹினிக்குள் ஆட்களோடு புகுந்தபோது ஊழியர்கள் அவரை மணிக்கணக்கில் வெளியே விடாமல் மறித்து வைத்தார்கள். அமைச்சரின் ஆட்களிடம் அடிபட்டவர் அவர்களுடைய செய்திப் பணிப்பாளர், நின்றது அவர்களுடைய கட்டடம், தலைக்கணக்கும் அவர்கள் பக்கம். இந்த மூன்றும் சேராத இடத்தில் கோபம் பெரும்பாலும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும்.

வெளிநாட்டுச் சட்டைக் கதைக்கு வருவோம். 2014 ஜனவரியில் லண்டன் உணவகமொன்றில், அங்கே மது பரிமாறிய இளைஞர் ஒருவர் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ரொனி பிளேயரின் தோளில் கை வைத்து, ஈராக் போருக்காக உங்களைக் கைது செய்கிறேன் என்றார். பிளேயர் பதறவில்லை. பேச்சைச் சிரியாவுக்குத் திருப்பிவிட்டார். கடைசியில் வேலையை விட்டுவிட்டு வெளியேறியவர் அந்த இளைஞர்தான். நம் நாட்டுச் சட்டமும் உங்களுக்குக் கை கொடுக்காது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, சாதாரண ஆள் ஒருவர் இன்னொருவரைப் பிடிக்கலாந்தான். ஆனால் பிடியாணை வேண்டாத ஒரு குற்றம் கண்முன்னே நடந்திருக்க வேண்டும், அல்லது அவர் தேடப்படும் குற்றவாளியாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது அப்படியொரு குற்றம் செய்தார் என்று நியாயமாகச் சந்தேகிக்கப்பட்டு அவர் தப்பி ஓட வேண்டும். பிடித்ததும் தாமதமின்றிப் பொலிஸில் ஒப்படைக்கவும் வேண்டும். என்றோ ஒரு நாள் அவர் வைத்த கையெழுத்துக்காக மண்டபத்தில் சட்டையைப் பிடித்தால் பொலிஸுக்குப் போக வேண்டியவர் நீங்கள்.

அப்படியானால் வாய் பொத்தி நிற்பதா? வேண்டாம். ஆனால் "நாட்டை ஏன் நாசமாக்கினீர்கள்?" என்று கேட்காதீர்கள். அதற்கான பதில் அவரிடம் மனப்பாடம்: கொரோனா, உக்ரைன், முந்திய அரசின் கடன். நீங்கள் குரலை உயர்த்தினால் கூட வந்தவரின் கையிலுள்ள போன் உங்களைத்தான் படம் பிடிக்கும். மறுநாள் பெண்ணின் தகப்பனும் உங்களோடு பேச மாட்டார். ஆம், இல்லை என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய, திகதி போட்ட ஒரு கேள்வி போதும். ஜனாதிபதிக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்த அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 2020 ஒக்டோபர் 22 அன்று 156க்கு 65 என்ற வாக்குகளால் நிறைவேறியது. யார் எந்தப் பக்கம் என்று அன்றைய ஹன்சாட்டில், அதாவது பாராளுமன்றப் பதிவேட்டில், இருக்கிறது. பாராளுமன்ற இணையத்தளத்தில் பார்க்கலாம். முதல்நாளே பார்த்து வைத்துக்கொண்டு, கை குலுக்கும்போது மெல்லிய குரலில், "சேர், இருபதாவது திருத்தத்துக்கு நீங்கள் ஆதரவாகத்தானே வாக்களித்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையை விடாதீர்கள். முழங்கையைத் தாங்கும் அந்த இடது கை அப்போது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

மண்டபத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால், அவர் இருந்த அமைச்சின் செலவுக் கணக்கை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும். "எல்லாக் கணக்கும் தேவை" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். ஆண்டையும் செலவுத் தலைப்பையும் குறிப்பிடுங்கள்.

பெரியப்பாவைத் திட்டாதீர்கள், அவருடைய கதிரைக்கு முப்பது வருடக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், பெரியப்பா, இளசுகள், சம்பந்தி வீட்டார். சேர் உள்ளே வந்தபோது நீங்கள் எழும்பினீர்களா, இருந்தீர்களா என்பது மட்டும் இல்லை. எழுதியனுப்புங்கள், பெயர் போட மாட்டோம்.