லென்ஸில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு

வீட்டுக்குள் மகளை எடுத்தால் பத்தில் எட்டுப் படம் மங்கல், வெளியே எடுத்தால் பளிச்சென்று இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். வெளிச்சம்தான் போதவில்லை. நம் கண் அறை வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால் அது எவ்வளவு குறைவு என்று நமக்கு உறைப்பதே இல்லை.

மங்கலான ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர், நாற்காலி எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. நாற்காலி தெளிவாக இருந்து குழந்தையின் கை மட்டும் கலைந்திருந்தால் அசைந்தது அவள். அவள் மூக்கை விட்டுப் பின்னாலிருக்கும் தலையணை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது.

எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. படத்தின் விவரத்தில் ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/30 நொடி என்று இருக்கிறதா பாருங்கள். ஓடியாடும் குழந்தைக்கு 1/250 ஆவது வேண்டும். அது மூன்று ஸ்டாப் வித்தியாசம், அதாவது வெளிச்சம் மூன்று முறை பாதியாகிறது. அதனால் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன், 400-இல் இருந்தால் 3200-க்கு ஏற்றியே ஆக வேண்டும். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி தட்டும், தட்டட்டும். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், கலைந்த முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸில் இருக்கும் நிலைப்படுத்தியும் இதற்கு உதவாது, அது உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும்தான்.

சரி, ஐஎஸ்ஓவை ஏற்றவே மனமில்லையா? பகலில் அவளை ஜன்னலுக்குப் பக்கத்தில் விளையாட விடுங்கள். ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளினாலே வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று கேமராவே காட்டும்.

அப்புறம், லென்ஸின் துளையை எஃப் 1.8 அளவுக்கு அகலமாகத் திறந்து கிட்டப்போய் எடுத்தால் கூர்மை சில சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் கிடைக்கும். கேமராவில் ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து அதை அவள் கண்ணில் வையுங்கள்.