கொழுந்துப் பச்சை அச்சில் ஏன் வாடுகிறது? டிஜிட்டல் ஓவியம்: கேள்வி பதில்

ஹட்டனில் பெனர், அழைப்பிதழ், புத்தக அட்டை என்று படவேலை செய்கிறவன் நான். கணினியிலும் போனிலும் வரையத் தொடங்கியிருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளை ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வாசித்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலவாக்கலை, ஏ.எல். சித்திரம் படிக்கும் மாணவி: அண்ணா, மாமா பாவித்த பழைய லெப்டொப் கிடைத்திருக்கிறது. ரேம் 4 ஜிபிதான். போட்டோஷொப்பைக் காசில்லாமல் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். போடவா?

வேண்டாம் தங்கச்சி. பூட்டு உடைத்த மென்பொருளோடு வைரஸும் வரும். அது பென் டிரைவில் ஏறிப் பள்ளிக்கூடக் கணினி வரைக்கும் போய்விடும். உங்களுக்குப் பொருத்தமானது கிரிட்டா. வரைவதற்கென்றே செய்த திறமூல மென்பொருள் அது. விண்டோஸ் ஸ்டோரில் விலை போட்டிருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். கிரிட்டாவின் சொந்தத் தளத்தில் அதே மென்பொருள் இலவசம். போட்டோ திருத்தத்தான் என்றால் கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும்.

4 ஜிபியில் வேலை நடக்கும், ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று திறந்தால், 2480 × 3508 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஆக, முழுக்க நிறம் பூசிய ஒரு லேயருக்கு (ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வரையும் கண்ணாடித் தாள் போன்றது) ஏறக்குறைய 35 எம்பி போகும். இருபது லேயர் வைத்தால் 700 எம்பி. பின்னோக்கிப் போகும் அன்டூவுக்கும் இடம் வேண்டும். ஆகவே பத்துப் பன்னிரண்டு லேயரோடு நில்லுங்கள். முடிந்த பகுதிகளை ஒன்றாக்கிக்கொண்டே வாருங்கள்.

பொகவந்தலாவை: போன் மட்டும்தான் இருக்கிறது அண்ணே. விரலால்தான் வரைகிறேன்.

விரலால் வரைவது குறையில்லை தம்பி. ஐபிஸ் பெயின்ட் என்ற வரையும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம். கோடு நடுங்காமலிருக்க அதில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, கொஞ்சம் கூட்டி வையுங்கள். தாளின் அளவை முதலிலேயே பெரிதாக வைப்பதுதான் முக்கியம். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் கோடெல்லாம் பஞ்சாகிவிடும். படத்தை, லேயர்களைக் கலைக்காமல் வைத்திருக்கும் பிஎஸ்டி கோப்பாகவும் எடுத்து வையுங்கள். நாளைக்குக் கணினி கிடைத்தால் லேயர்களோடு கிரிட்டாவில் திறக்கலாம். புரோகிரியேட் என்ற வரையும் செயலி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை முழுதாகப் பாவிக்க ஐபேட் வேண்டும், இப்போதைக்கு விடுங்கள்.

பண்டாரவளை: கொழுந்து பறிக்கும் அம்மாமாரை வரைந்தேன். திரையில் பச்சை தகதகவென்று இருந்தது. அச்சடித்ததும் சேற்றுப் பச்சையாகிவிட்டது. கடைக்காரரின் பிழையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கடைக்காரரில் பிழையில்லை அக்கா. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளியைக் கலந்து காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு மையைத் தாளில் பூசுகிறது. வெளிச்சத்தால் காட்டக்கூடிய பச்சைகள் பலவற்றை மையால் காட்ட முடியாது. அதிலும் இளங்கொழுந்தின் மஞ்சள் கலந்த அந்தத் துடிப்பான பச்சைதான் முதலில் அடிபடும்.

கிரிட்டாவில் கன்ட்ரோல் (Ctrl) விசையையும் Y விசையையும் சேர்த்து அழுத்துங்கள். அச்சில் நிறம் எப்படி மங்கும் என்று ஓரளவு முன்கூட்டியே காட்டும். அந்தப் பார்வையில் வைத்தே நிறத்தைத் திருத்துங்கள். நான் செய்வது, பச்சையைக் கூட்டுவதல்ல, சுற்றியிருப்பதைக் குறைப்பது. காலையில் மலையில் நின்று ஒரு தேயிலைச் செடியைப் பாருங்கள். முற்றிய இலை கரும்பச்சை, வாது செம்மண் நிறம், அதன் மேல்தான் கொழுந்து மின்னுகிறது. அந்த முற்றல் இலையைக் கொஞ்சம் நீலம் கலந்து இருட்டாக்கினால், அச்சில் மங்கிய கொழுந்தும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். கடைசியாக, முழு அளவில் அடிக்கும் முன் தபாலட்டை அளவில் ஒன்று அடித்துப் பாருங்கள். எந்த வடிவத்தில் கோப்பு வேண்டுமென்று அச்சகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நுவரெலியா: மூடுபனி வரைந்தால் படிக்கட்டு மாதிரி கோடு கோடாக வருகிறது.

சாதாரணக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். உங்கள் பனி 200இலிருந்து 230 வரையுள்ள சாம்பல் என்றால் முப்பதே படி. அந்த முப்பதையும் 3500 பிக்சல் உயரத்தில் பரப்பினால் ஒவ்வொன்றும் நூறு பிக்சலுக்கு மேல் பட்டையாகத் தெரியும். படிகள் மிக அதிகமுள்ள 16 பிட் கோப்பில் வரையலாம், ஆனால் நினைவகம் இரண்டு மடங்கு போகும். அதைவிட, சொரசொரப்பான தூரிகையால் லேசாகத் தட்டிக் கொடுங்கள், பட்டை உடைந்துவிடும். உண்மையான பனியும் அப்படி வழுவழுப்பாக இருப்பதில்லையே.

நோர்வூட்: ஜேபெக்கா, பிஎன்ஜியா? வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏன் படம் கெடுகிறது?

பின்னணி இல்லாத படம், எழுத்து, கூர்மையான கோடு என்றால் பிஎன்ஜி. ஜேபெக் 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் படத்தைப் பிரித்து விவரத்தைக் கழிக்கும், அதனால் கோட்டோரம் அழுக்குப் படிந்தது போலாகும். திறந்து திருத்தித் திரும்பத் திரும்ப ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். வண்ணம் நிறைந்த ஓவியத்தைக் கடைசியாக ஒரே தடவை, தரம் 90க்கு மேல் வைத்து ஜேபெக்காக எடுப்பதில் குற்றமில்லை. வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டொகுமெண்ட் என்று அனுப்புங்கள்.

மஸ்கெலியா: கோயில் திருவிழாவுக்கு 10 அடிக்கு 4 அடி பெனர். 300 டிபிஐ போட்டதும் கணினி நின்றுவிடுகிறது.

தூரத்திலிருந்து பார்க்கும் பெனருக்கு 72 போதும் தம்பி. 8640 × 3456 பிக்சல் வரும். தமிழ் எழுத்தில்தான் கவனம் வேண்டும். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்தாய் நிற்கும். எழுத்தைப் படமாக்கிவிட்டு அனுப்புங்கள். அதற்கு முன் சாமி பெயரை இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பதுளை: கரண்ட் போய் நாலு மணித்தியால வேலை போய்விட்டது. வழி இருக்கிறதா?

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு போன சமயம், ஒரு புத்தக அட்டையை இப்படித்தான் இழந்தேன். அன்றிரவு தூங்கவில்லை. கிரிட்டாவின் அமைப்புகளில் தானாகச் சேமிப்பதை 5 நிமிடமாக்குங்கள். கோப்பு இருக்கும் போல்டரில் அதே பெயரோடு கடைசியில் ~ குறி போட்ட ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது முந்தைய பிரதி. ~ குறியை நீக்கித் திறக்கலாம்.

அதுவும் இல்லையென்றால் இன்னொன்று. கிரிட்டாவின் கேஆர்ஏ கோப்பு உள்ளே ஒரு ஜிப் பொதிதான். கெட்ட கோப்பைப் பிரதி எடுத்து, பெயரின் முடிவிலுள்ள .kra என்பதை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். மெர்ஜ்ட்இமேஜ் (mergedimage) என்ற பெயரில் ஒரு பிஎன்ஜி இருக்கும். லேயர்கள் இராது, ஆனால் கடைசியாகச் சேமித்தபோதிருந்த முழுப் படமும் அதில் இருக்கும். இன்றைக்கே செய்து பாருங்கள். கெட்ட கோப்பின் மேல் புதிதாக எதையும் சேமித்துவிடாதீர்கள்.