‘சாரம் உண்மைதானே?’: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். சிறு வயதில் எனக்கு நாளிதழ் வாசிக்கப் பழக்கியவர். இப்போது உறவினர்கள் அத்தனை பேருக்கும் முஸ்லிம்களைப் பற்றி ஃபார்வர்ட் மெயில்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு முன் பிலிப்பைன்ஸில் அமெரிக்க ஜெனரல் பெர்ஷிங், பன்றி ரத்தத்தில் தோய்த்த தோட்டாக்களால் 49 முஸ்லிம் தீவிரவாதிகளைச் சுட்டுவிட்டு, ஐம்பதாவது ஆளை மட்டும் ‘போய்ச் சொல்’ என்று விட்டாராம். அதற்குப் பின் 42 ஆண்டுகள் உலகில் எங்குமே தாக்குதல் இல்லையாம். முஸ்லிம்கள் மனம் புண்படும் என்று பிரிட்டன் பள்ளிகளில் ஹிட்லரின் யூதப் படுகொலைப் பாடத்தையே நீக்கிவிட்டார்களாம். கடைசியாக வந்த மெயிலில் ஈராக், ஆப்கானிஸ்தான், சிரியா என்று ஒரு பட்டியல். ‘போர் நடக்கும் நாடெல்லாம் அவர்கள் நாடுதான், ஏன் என்று யோசியுங்கள்’ என்று முடிகிறது.

ஆதாரம் கேட்டால், ‘விவரத்தில் ஒன்றிரண்டு பிசகியிருக்கலாம், சாரம் உண்மைதானே?’ என்கிறார். என்ன பதில் சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பெர்ஷிங்கிலிருந்தே தொடங்குகிறேன். அந்த மெயிலின்படி சம்பவம் 1911 வாக்கில் நடந்தது. அவர் அப்போது அங்கே இருந்தது உண்மைதான். 1909 முதல் 1913 வரை தென் பிலிப்பைன்ஸின் மோரோ மாகாண ஆளுநர். மோரோக்கள் என்பவர்கள் அந்தப் பகுதியின் முஸ்லிம்கள். கொல்லப்பட்ட மோரோக்களின் உடல்களைப் பன்றியோடு சேர்த்துப் புதைத்தது பற்றி அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆனால் 49 பேர், ரத்தத்தில் தோய்த்த தோட்டா, உயிரோடு விடப்பட்ட ஒருவன் என்ற கதைக்கு வரலாற்றாசிரியர்கள் சான்று எதையும் காணவில்லை. சரி, அந்த 42 ஆண்டு அமைதி? 1913 ஜூனில் ஹோலோ தீவின் பட் பக்சாக் மலையில் மோரோக்களோடு நடந்த பெரிய சண்டையை முன்னின்று நடத்தியவரே பெர்ஷிங்தான். எல்லாம் அடங்கிவிட்டதாகச் சொல்லப்படும் தேதிக்கு இரண்டு வருடம் கழித்து! டிரம்ப் இதே கதையை 2016 தேர்தல் பிரச்சாரத்தில் சொன்னபோது அமைதி 25 ஆண்டுகளாக இருந்தது. 2017-இல் ட்விட்டரில் எழுதியபோது 35 ஆகிவிட்டது.

மெயில் சொல்லாமல் விட்டது இதைவிட முக்கியம். மோரோக்கள் யார் நாட்டுக்கும் போய் குண்டு வைத்தவர்கள் அல்ல. 1898-இல் ஸ்பெயினுக்கு இரண்டு கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா பிலிப்பைன்ஸைப் பெற்றுக்கொண்டது; அங்கே வாழ்ந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெர்ஷிங் ஆளுநர் ஆவதற்கு மூன்று வருடம் முன், 1906 மார்ச்சில், பட் டாஜோ என்ற அணைந்த எரிமலையின் வாய்க்குள் ஒதுங்கியிருந்த மோரோக்களை அமெரிக்கப் படை வளைத்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட அறுநூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அதன் புகைப்படம் ஒன்று இருக்கிறது. பள்ளத்தில் உடல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்க, விளிம்பில் சிப்பாய்கள் நிற்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த யாராலும் பெர்ஷிங் கதையை வீரக்கதையாக ரசிக்க முடியாது என்று நம்புகிறேன்.

பிரிட்டன் பாடத்திட்டக் கதையை வேகமாகவே முடித்துவிடலாம். 2007-இல் ஓர் ஆய்வறிக்கை, வகுப்பில் சச்சரவு வரும் என்று அஞ்சிச் சில ஆசிரியர்கள் சில தலைப்புகளைத் தவிர்ப்பதாகக் குறிப்பிட்டது. அது மெயிலில் ஒரு நாடே பாடத்தை நீக்கியதாக மாறியது. இங்கிலாந்தின் பாடத்திட்டத்தில் யூதப் படுகொலை அன்றும் கட்டாயப் பாடம், இன்றும் கட்டாயப் பாடம். கூத்து அதோடு நிற்கவில்லை. பிரிட்டனைக் குறிக்கும் ‘யூகே’ என்ற சுருக்கத்தை யாரோ கென்டக்கி பல்கலைக்கழகம் என்று வாசித்து மேலே அனுப்ப, அமெரிக்காவில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அனுப்பிய ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர்கூட நின்று சரிபார்க்கவில்லை.

மூன்றாவது மெயிலில் நாடுகளின் பெயர் இருக்கிறது, தேதி இல்லை. தேதியைப் போட்டால் படையெடுத்தவரின் பெயரும் கூடவே வந்துவிடும். ஆப்கானிஸ்தானுக்குள் 1979 டிசம்பரில் நுழைந்தது சோவியத் படை. அதை எதிர்த்த முஜாஹிதீன்களுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரில் 15 பேர் சவுதிகள். ஈராக்கியர் ஒருவரும் இல்லை. ஆனாலும் 2003-இல் தாக்கப்பட்டது ஈராக். காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த மே மாதம் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஒரே ஆணையில் ஈராக் ராணுவத்தையே கலைத்தார். துப்பாக்கி பிடிக்க மட்டுமே தெரிந்த லட்சக்கணக்கானோர் சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். அந்த ராணுவத்தின் பழைய அதிகாரிகள் சிலர்தான் பிற்பாடு ஐஎஸ் என்ற தீவிரவாத அமைப்பின் தளபதிகளாக வந்து நின்றார்கள். இதில் குர்ஆனைத் தேடிப் பயனில்லை. வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் எடுத்த முடிவுகளைத் தேட வேண்டும்.

‘அப்படியானால் ஐஎஸ்ஸும் தாலிபானும் அப்பாவிகளா?’ என்று பெரியப்பா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அவர்கள் கொலைகாரர்கள். மதத்தின் பெயரைச் சொல்லித்தான் கொன்றார்கள். 2014-இல் ஈராக்கின் சின்ஜாரில் யசீதிகள் என்ற சிறுபான்மையினருக்கு ஐஎஸ் செய்தது மன்னிக்க முடியாத கொடுமை. ஆனால் இந்த இரண்டு கூட்டத்தின் கையால் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று பெஷாவர் பள்ளிக்குள் புகுந்து பாகிஸ்தான் தாலிபான் சுட்டுக்கொன்ற நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எந்த மதம் என்று அவரிடம் கேளுங்கள். 2017 ஜூனில் ஈராக்கின் மோசுல் நகரின் அல்-நூரி மசூதியையும் அதன் பழம்பெரும் சாய்ந்த கோபுரத்தையும் வெடி வைத்துத் தகர்த்தது ஐஎஸ். தெருத் தெருவாக நுழைந்து அவர்களிடமிருந்து மோசுலை மீட்ட ஈராக் வீரர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள்தான். இவர்கள் எல்லோரும் அந்த மெயிலில் ‘அவர்கள்’ என்ற ஒரே பொட்டலத்துக்குள் போய்விடுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் சுட்டவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

இனி அவர் சொல்லும் ‘சாரம்’. மூன்று சான்றுகளில் இரண்டு பொய், ஒன்று பாதியை மறைத்தது. இவற்றை எடுத்துவிட்டால் எதன் சாரம் மிஞ்சுகிறது? மெயிலைத் திறப்பதற்கு முன்பே மனதில் இருந்த வெறுப்புதான் மிஞ்சும். இத்தனை ஆண்டு விடைத்தாள் திருத்தியவர் அவர். படிகள் எல்லாம் தப்பாக இருந்தும் விடை சரி என்று மதிப்பெண் போட்டிருப்பாரா?

உறவினர் நடுவில் அவரை மடக்கப் பார்க்காதீர்கள். வயதான மனிதர் அவமானப்பட்டால் இன்னும் பிடிவாதமாவார். முதலில் தொலைபேசியில் கூப்பிட்டு பெர்ஷிங் கதையை மட்டும் பேசுங்கள். 1913 என்ற ஒரே தேதியைச் சொல்லி, அவரையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நாளிதழ் வாசிக்கப் பழக்கியவருக்கு இது ஆகாத வேலை இல்லை. அவர் ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும், அவர் பெயரை இழுக்காமல் நாலு வரி மறுப்பு எழுதி, அந்த மெயில் போன எல்லா உறவினருக்கும் அனுப்பிவிடுங்கள். அதில் பள்ளி வயதுப் பிள்ளைகளும் இருப்பார்களே.